சீனியில் போன கால்

நான் ஊருக்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்கள். அவித்த நெல்லை முற்றத்தில் பரவிக்கொண்டிருந்த தங்கச்சி, காலால் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் விறாந்தையில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு இருந்தேன்.

"அக்கா எங்க புனர்வாழ்வு எடுத்தனீங்கள்?" மரியாதையாகத்தான் கேட்டார் ஒருவர். புலிகள் இயக்கத்தில் இருந்தவர்களைப் போருக்குப் பிறகு அரசாங்கம் அடைத்து வைத்த முகாமுக்கு அந்தப் பெயர்.

"ஸ்காபரோவில" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு பையை எடுப்பித்து, கனடாவில் கால் எடுத்த ஆஸ்பத்திரியின் கடிதத்தைக் காட்டினேன். மற்றவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "டயபடீஸ்?" "ஓம், சீனி வருத்தம்." கடிதத்தைத் திருப்பித் தந்தபோது அவருடைய முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

இது 2019 ஐப்பசியில், இலங்கையின் வடக்கே விசுவமடுவில். வன்னியில் ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லையென்றால், அது எங்கே போனது என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. சண்டையில் போனது என்ற விடை அவர்களுக்குள் தயாராக இருக்கிறது. பரந்தன் பஸ்ஸில் கண்டக்டர் பொடியன் என்னிடம் காசு வாங்கமாட்டான். முன் சீட்டில் இருக்கும் ஆளை எழுப்பிவிட்டு, "இருங்கோ அம்மா" என்பான். முதல் இரண்டு தடவை, "தம்பி, இது சீனியில போனது" என்று சொல்லிப் பார்த்தேன். நான் பயத்தில் மறைக்கிறேன் என்று நினைத்து இன்னும் கூடுதலாக இரங்கினான். அதற்குப் பிறகு திருத்தவில்லை. எனக்குரியதில்லாத ஒரு மரியாதையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மரியாதையோடு காசும் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் காசைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து ஊனமுற்றோர் ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பி இருக்கலாமா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம் சொல்லி அலுத்துவிட்டது.

நான் 1995 இல் கலியாணம் கட்டிக் கனடா போனவள். அந்தக் கலியாணம் நிலைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே தேவையில்லை. மகள் ஒருத்தி. பத்தொன்பது வருசம் வேலை செய்தேன்: முதலில் கார்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலை, பிறகு ஒரு பேக்கரியில் இரவு வேலை. சீனி இருக்கிறதென்று 2003 இலேயே சொல்லிவிட்டார்கள். இரவு வேலைக்காரிக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லை. பாண் வேகும் மணத்துக்குள் நின்றுகொண்டு பாண் சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. 2013 இல் பாதத்தில் ஒரு கொப்புளம். உணர்ச்சியில்லாத காலில் வலி வராது; வலி வராததால் நான் பார்க்கவுமில்லை. கார்த்திகையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருசம் இடது கண்ணின் பார்வை பாதியாகக் குறைந்தது.

எனக்கு இரண்டு இடத்திலிருந்து காசு வந்தது. இரண்டையும் எங்கட சனம் "டிசபிலிட்டிக் காசு" என்று ஒரே பெயரில் சொல்லும். இந்த ஒரே பெயரால் கெட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

முதலாவது சி.பி.பி., கனடா ஓய்வூதியத் திட்டம். வயது போனவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கும் அதே திட்டத்துக்குள் இயலாமைக்கான ஓய்வூதியமும் இருக்கிறது. அது நான் கட்டிய காசு. என் காலத்தில் சம்பளத்தில் நான் 4.95 வீதம், முதலாளி இன்னொரு 4.95 வீதம். இயலாமை வந்த நேரத்துக்கு முந்திய ஆறு வருசத்தில் நான்கு வருசமாவது கட்டியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் கட்டியவர்களுக்கு மூன்று போதும். வருத்தம் கடுமையானதாகவும் நீண்டகாலம் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவான ஒரு தொகை, அதற்கு மேல் கட்டியதற்குத் தக்க பங்கு. படிக்கிற பிள்ளை இருந்தால் இருபத்தைந்து வயது வரை பிள்ளைக்கும் ஒரு தொகை. என் மகள் பல்கலைக்கழகம் முடிக்கும்வரை வாங்கினாள். நீங்கள் கனடாவில் இருந்தாலும் ஒன்று, விசுவமடுவில் இருந்தாலும் ஒன்று, அது வரும்.

இரண்டாவது ஓ.டி.எஸ்.பி., ஒன்டாரியோ மாகாணத்தின் உதவி. இது ஏழைக்குக் கொடுப்பது. கையில் என்ன இருக்கிறது, வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தருவார்கள். சி.பி.பி.யில் எவ்வளவு வருகிறதோ அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நிரப்புவார்கள். எனக்கு மாதம் இருநூற்றுச் சொச்ச டொலரும் மருந்து அட்டையும். அட்டைதான் பெரிது. ஆனால் மாகாணத்தை விட்டு முப்பது நாளுக்கு மேல் போனால் அது நின்றுவிடும். சில காரணங்களுக்கு முன்கூட்டி அனுமதி கேட்கலாம். கேட்கப் பயந்தவர்களே அதிகம்.

எங்கள் மாடிக்கட்டிடத்தில் மல்லாவி அக்கா ஒருவர் இருந்தார். பதின்மூன்று வருசம் ஒரு சமையற்கட்டில் ரோல்ஸ் சுற்றியவர், கையில் காசு வாங்கி. "செக்கில போட்டா பிடிப்பாங்கள்" என்று முதலாளியும் சொன்னார், அக்காவும் அதையே சொன்னார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது சி.பி.பி.யின் கணக்கில் அவர் வேலையே செய்யாதவர். ஓ.டி.எஸ்.பி. மட்டும்தான். தகப்பன் செத்த செய்தி வந்து, டிக்கெட் எடுத்து மூன்றாம் நாள் மல்லாவிக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கு அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். அதை முடித்துக் கொழும்புக்கு வந்து விமானம் ஏறி இறங்கும்போது கணக்கு முப்பதைத் தாண்டிவிடும். ஐயரிடம் போய், "இரண்டு நாள் முந்திச் செய்யேலாதோ?" என்று கேட்டாராம். கடைசியில் இருபத்தொன்பதாம் நாள் புறப்பட்டு வந்து, அந்தியேட்டியை வாட்ஸ்அப்பில் பார்த்தார். ஒன்டாரியோவில் அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு அந்தியேட்டி தெரிய நியாயமில்லை. இருந்தாலும் முப்பதை முப்பத்தைந்து என்று எழுதியிருக்கக்கூடாதா என்று நான் நினைப்பதுண்டு.

அதனால் வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: செக்கில் வேலை செய்யுங்கோ. நாளைக்கு ஊருக்குப் போய் இருக்கப் போகிறோமா இல்லையா என்பதை, இன்றைக்கு முதலாளி பிடிக்கும் அந்தச் சில வீதம் தீர்மானித்துவிடும்.

கனடாவில் மட்டும் இல்லை இந்தப் பிரிவு. அவுஸ்திரேலியாவின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் வழக்கமாகப் பன்னிரண்டு மாதத்தில் 28 நாள் வரைதான் வெளிநாட்டில் கிடைக்கும். கடுமையான பாதிப்பு, வரும் ஐந்து வருசத்துக்கு வேலை செய்ய முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் எல்லையில்லாமல் தருவார்கள். ஆனால் அதைப் புறப்பட முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். விமானம் ஏறிவிட்டுக் கேட்கக்கூடாது. பிரித்தானியாவில் பிப் என்று சொல்லும் ஊனமுற்றோர் கொடுப்பனவுக்கு 13 வாரம், வைத்தியத்துக்காகப் போனால் 26. ஜேர்மனியில் வேலை செய்ய ஏலாமல் போனவர்களுக்கான ஓய்வூதியம் ஊருக்கு வரும். 2013 ஐப்பசிக்கு முன் எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடிகளுக்கு அதில் வெட்டு இருந்தது, இப்போது முழுதாகவே வருகிறது. பெரும்பாலும் நூல் ஒன்றுதான்: கட்டியதால் வரும் காசு எங்களோடு கூடவே வரும், இரங்கித் தரும் காசு வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் தடவை எனக்கு இல்லையென்று வந்தது, பிழை என்னுடையது. எவ்வளவு நேரம் நிற்பீர்கள், வீட்டில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சமைப்பேன், உடுப்புத் தோய்ப்பேன், வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போவேன் என்று எழுதிவிட்டேன். அம்மா வளர்த்த வளர்ப்பு அது. எங்கட பெண்களுக்கு வருத்தத்தைச் சொல்லத் தெரியும். "என்னால் ஏலாது" என்று எழுதக் கை வராது. சமைப்பதற்கு நடுவில் நான்கு தடவை கதிரையில் இருக்கிறேன், சட்டியைத் தூக்க மகள் வேண்டும் என்பதை யார் எழுதுவது? மீள்பரிசீலனைக்குத் தொண்ணூறு நாள் தவணை. எண்பதாவது நாள் மகள் இருந்து, நான் சொல்லச் சொல்ல அழுதுகொண்டு எழுதினாள். அது சரிவந்தது.

2018 இல் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த செய்தி வந்தது. போய் 28 நாள் நின்றுவிட்டு, வாசலில் படுக்கையில் கிடந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்து வீட்டுத் திறப்பைப் போடும்போதே முடிவெடுத்துவிட்டேன். மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த இருநூற்றுச் சொச்சமும் அட்டையும் போகட்டும்.

போனது அவை மட்டுமில்லை. ஒன்டாரியோ வைத்தியக் காப்புறுதிக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாள் அங்கே நின்றிருக்க வேண்டும், அதுவும் போனது. செயற்கைக் காலுக்கு மாகாணம் தரும் 75 வீதமும் அதோடு போனது. கனடாவில் குடியிருக்காதவள் என்றானதும் ஓய்வூதியத்தில் மூலத்திலேயே வரி பிடிக்கிறார்கள். பொது வீதம் 25. இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருந்தால் குறையலாம். இங்கே நான் கனடாப் பாஸ்போர்ட்டோடு வந்த வெளிநாட்டுக்காரி. பத்தரமுல்லைக்கு அலைந்து இரட்டைக் குடியுரிமை எடுக்கும்வரை, பிறந்த வளவில் விசாவோடு இருந்தேன்.

இவ்வளவும் போய், இப்போது கையில் வருவது மாதம் ஏறக்குறைய 900 டொலர். ரூபாவில் ஏறக்குறைய இரண்டு லட்சம். அறுபத்தைந்தில் இது சாதாரண ஓய்வூதியமாக மாறிக் குறையும். அதோடு முதியோர் ஓய்வூதியம் சேரும்: பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது வருசம் கனடாவில் இருந்தவர்களுக்குத்தான் அது வெளிநாட்டுக்கு வரும். எனக்கு இருபத்துநான்கு. நாற்பதில் இருபத்துநான்கு பங்கு கிடைக்கும். பத்தொன்பதாம் வருசத்தில் வெளிக்கிட்டிருந்தால் அதுவும் இல்லை. இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை, தற்செயலாகத் தப்பினேன்.

தங்கச்சியின் மனிசன் 2009 மாசியில் போனவர். அவள் மூன்று பிள்ளைகளோடு மெனிக்பாம் முகாமில் இருந்து 2011 இல் வளவுக்குத் திரும்பினாள். கூரை இல்லை, கிணற்றுக்குள் என்னென்னவோ கிடந்தது. இப்போது புதுக் கிணறு, ஓட்டு வீடு, சின்னவளுக்குக் கிளிநொச்சியில் டியூசன். கடைக்குட்டி ஒரு நாள் சிநேகிதிக்குக் கிணற்றைக் காட்டி, "இது பெரியம்மாவின்ர காலால கட்டினது" என்றாள். தங்கச்சி அவளுக்கு ஒரு குட்டுப் போட்டாள். நான் சிரித்தேன். ஆனால் கணக்குச் சரிதானே.

எதிர் வளவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். எனக்கு அவள் "பிள்ளை", அவளுக்கு நான் "அன்ரி". 2009 இல் பதினேழு வயது. அதே இடது கால், அதே முழங்காலுக்குக் கீழே. என்னுடையதை விட இரண்டு விரல் கட்டை. எப்படிப் போனதென்று நான் கேட்டதில்லை. தையல் மெசினை ஒற்றைக் காலால் மிதித்துப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிறாள், கொஞ்சம் கோழி வளர்க்கிறாள். அரசாங்கம் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக்குத் தரும் கொடுப்பனவு அவளுக்கு வருகிறது. முதலில் 5,000, பிறகு 7,500, 2025 இலிருந்து 10,000 ரூபா. என் காலுக்கு அவள் காலைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. நான் பாண் தின்று தொலைத்த காலுக்கு.

இதை ஒரு நாள் அவளிடமே சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டே கேட்டாள்: "அன்ரி, நீங்கள் பத்தொன்பது வருசம் கட்டினீங்கள். நான் ஆருக்குக் கட்டுறது?" கோபமில்லாமல்தான் கேட்டாள். ஊசியில் நூல் அறுந்துவிட்டது, கோத்துத் தரச் சொன்னாள். எனக்குக் கண் தெரியாதென்பதை மறந்துவிட்டாள். இரண்டு பேருமாய் ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கொஞ்ச நேரம் மினக்கெட்டோம்.

2022 தான் எனக்கு வெட்கமான வருசம். பங்குனியில் ரூபாவின் விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டார்கள். நான் வந்த நேரம் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த என் மாதக்காசு, சித்திரை வைகாசிக்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. நான் ஒரு விரலும் அசைக்கவில்லை. ஊரில் மண்ணெண்ணெய் வரிசை, உரமில்லாமல் வயல் மஞ்சளாக நின்றது, பால்மா இல்லை. வங்கியில் காசு எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது நான் ஆரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதே நேரத்தில் இன்சுலின் ஆஸ்பத்திரியிலும் இல்லை, மருந்துக்கடையிலும் இல்லை. காசு மடியில் கிடந்தது, வாங்கச் சாமான் கிடையாது. மகள் ஊருக்கு வந்த ஆளிடம் இன்சுலின் கொடுத்துவிட்டாள். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. குளிர்ப்பெட்டியை நம்ப முடியாது. எதிர்வீட்டுப் பிள்ளைதான் ஒரு பெரிய பானைக்குள் மணலைப் போட்டு, நடுவில் சின்ன முட்டியை இறக்கி, மணலை நனைத்து, "இதுக்குள்ள வையுங்கோ" என்றாள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மருந்தை அப்படித்தான் வைத்தார்களாம். அந்த வெய்யிலுக்கும் மருந்து பழுதாகவில்லை. அவளுக்கு நான் பதிலுக்கு என்ன செய்தேன் என்று எழுதினால் பெருமையடித்தது போலிருக்கும். போதுமான அளவு செய்யவில்லை என்பது உண்மை.

கனடாவில் செய்த காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைத்தேனியம் குழாய், கரிநார்ப் பாதம், சிலிக்கன் உறை. பனியில் அருமையான சாமான். இங்கே பத்து மணிக்குள் உறைக்குள் வியர்வை தேங்கிக் கால் வழுக்கும். மணல் பூந்து கரகரக்கும். இதெல்லாவற்றையும் விடப் பெரிய கரைச்சல் சப்பாத்து. அந்தப் பாதத்தைச் சப்பாத்தின் குதி உயரத்துக்கு அளந்து பொருத்துவார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதி தாழ்ந்து உடம்பு பின்பக்கம் சரியும். கோயில் வாசலில் சப்பாத்தோடு போக முடியுமா? முதல் வருசம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டு அடி வைத்தேன். அம்மனைப் பார்த்தபடியே மல்லாந்து விழுந்தேன். நான்கு பேர் தூக்கினார்கள். ஒருத்தி, "அம்மாளாச்சி, உனக்குக் கண்ணில்லையோ" என்று என் சார்பில் அம்மனோடு சண்டை பிடித்தாள்.

எதிர்வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தாள். அவளுக்கு ஜெய்ப்பூர் கால். றப்பர் பாதம், வெறுங்காலோடு நடக்கவென்றே செய்தது. வரம்பில் நடப்பாள், கிணற்றடியில் குந்தி இருப்பாள். இந்தியாவில் 1968 இல் சப்பாத்துப் போடாத சனத்துக்காகவே கண்டுபிடித்த கால் அது. வாகனம் பிடித்து என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அளவு கொடுக்கப் பண்ணினாள். கனடாக் கால் இப்போது அலுமாரிக்கு மேல் நிற்கிறது. இரவில் பார்த்தால் வேறு யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

கனடாவிலிருந்து இடைக்கிடை கடிதம் வரும், உங்கள் நிலைமையில் மாற்றம் ஏதும் உண்டா என்று. சின்னவள்தான் வாசித்துச் சொல்வாள். "என்ன எழுதுறது பெரியம்மா?" "இன்னும் முளைக்கேல்லை எண்டு எழுது." அவள் ஒழுங்காகத்தான் எழுதி அனுப்புவாள்.

போன வைகாசி விசாகப் பொங்கலுக்கு நானும் எதிர்வீட்டுப் பிள்ளையும் வற்றாப்பளைக்குப் போனோம். முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவந்த தண்ணீரில் விளக்கு எரியும் கோயில். வெறுங்காலோடு மணலில் நடந்து போனேன், விழவில்லை. நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தேன், றப்பர் பாதம் வெளியே தெரிந்தது. பிள்ளை தரைமுட்டப் பாவாடை கட்டியிருந்தாள். சனக்கூட்டத்துக்குள் பாய் விரித்து இருந்த கிழவி ஒருத்தி என் காலைப் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா மோனை, இதில இரு. எங்களுக்காகப் போன கால்."

நான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற பிள்ளை என் கையில் நறுக்கென்று நுள்ளினாள்.

"விடுங்கோ அன்ரி, மனிசி இடம் தருது. கொஞ்சம் தள்ளி இருங்கோ, எனக்கும் கால் நோகுது."

ஒரு பாயில் மூன்று பேரும் ஒடுங்கி இருந்தோம். கிழவி சரையை அவிழ்த்து எங்களுக்குக் கச்சான் தந்தாள்.